ஃப்ளோரிடாவில் வீட்டுக் காப்பீட்டுக்காகக் கூரையின் வயதையும் நிலையையும் ஆவணப்படுத்துதல்: முழுமையான வழிகாட்டி

அமெரிக்காவின் ஃப்ளோரிடா மாநிலத்தில் வீட்டுக் காப்பீட்டுக்கு விண்ணப்பிக்கும் எவரிடமும் முகவர் தொடக்கத்திலேயே கேட்பது, கூரை எந்த ஆண்டு போடப்பட்டது என்பதுதான். ஆண்டுதோறும் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை நீடிக்கும் சூறாவளிப் பருவத்தில் காற்று முதலில் சோதிப்பது கூரையை. அது பிய்ந்தால் மழைநீர் உள்ளே இறங்கி, சுவர், தரை, மின்னிணைப்பு என எல்லாவற்றையும் கெடுத்துவிடுகிறது. ஆகவே பாலிசி கிடைக்குமா, என்ன பிரீமியம், சேதத்துக்கு எவ்வளவு கொடுக்கப்படும் என்ற மூன்றும் கூரையைச் சார்ந்தே அமைகின்றன. வீட்டுக்காரர் வாயால் சொல்லும் ஆண்டுக்கு இங்கே மதிப்பில்லை. பொதுப் பதிவேட்டில் உள்ள தேதிக்கும், தேதி மாறாமல் காக்கப்பட்ட படங்களுக்கும், உரிமம் பெற்ற ஆய்வாளரின் கையொப்பத்துக்குமே மதிப்பு உண்டு. அவற்றை எந்த வரிசையில் திரட்டுவது என்பதை இந்த வழிகாட்டி விளக்குகிறது.

படி 1: வயது வேறு, நிலை வேறு என்பதைச் சட்டத்தின் வழியே புரிந்துகொள்ளுதல்

2022 மே மாதச் சிறப்புக் கூட்டத்தொடரில் ஃப்ளோரிடா சட்டமன்றம் நிறைவேற்றிய திருத்தத்தின்படி, 15 ஆண்டுக்குக் குறைவான வயதுடைய கூரை உள்ள வீட்டுக்கு, கூரையின் வயதை மட்டுமே காரணம் காட்டிக் காப்பீட்டு நிறுவனம் பாலிசியை மறுக்க முடியாது. 15 ஆண்டோ அதற்கு மேலோ ஆகிவிட்ட கூரையாக இருந்தால், அதை மாற்றியே தீர வேண்டும் என்று சொல்வதற்கு முன், தகுதியுள்ள ஆய்வாளரைக் கொண்டு தம் சொந்தச் செலவில் ஆய்வு நடத்திக்கொள்ள வீட்டுக்காரருக்கு வாய்ப்புத் தரவேண்டும். அந்த ஆய்வில் இன்னும் 5 ஆண்டோ அதற்கு மேலோ பயன்படும் ஆயுள் இருப்பதாகத் தெரியவந்தால், வயதை மட்டும் வைத்து மறுப்பது செல்லாது. 2022 ஜூலை 1 முதல் வழங்கப்படும், புதுப்பிக்கப்படும் பாலிசிகளுக்கு இவ்விதி பொருந்துகிறது.

இங்கே ‘மட்டும்’ என்ற சொல்லைக் கவனிக்காமல் பலர் ஏமாந்துபோகிறார்கள். பத்து வயதுக் கூரையானாலும் ஷிங்கிள்கள் (கூரைமேல் அடுக்கடுக்காகப் பதிக்கும் மெல்லிய தகடுகள்) சுருண்டும் ஒழுகியும் இருந்தால், நிலையைக் காரணமாக்கி நிறுவனம் மறுக்கலாம். மேலும் இந்த விதி பாலிசி மறுப்பைப் பற்றியதே தவிர, பிரீமியத் தொகையையோ இழப்பீட்டைக் கணக்கிடும் முறையையோ கட்டுப்படுத்துவதில்லை. சட்டம் பேசுவது வீட்டு உரிமையாளர் பாலிசியைப் பற்றி என்பதால், வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு வேறு மாநிலத்திலோ இந்தியாவிலோ வசிப்பவர்கள், தாங்கள் வைத்திருக்கும் பாலிசி எந்த வகை என்பதை முகவரிடம் எழுத்து மூலமாகக் கேட்டுத் தெளிவு பெறுவது நல்லது.

வயதைக் கணக்கிடும் முறையையும் சட்டமே சொல்கிறது. கூரைப் பரப்பு முழுவதும், அப்போது நடைமுறையிலிருந்த கட்டட விதிகளின்படி, கடைசியாக எப்போது கட்டப்பட்டது அல்லது மாற்றப்பட்டது என்பதே தொடக்கப் புள்ளி. பகுதி பகுதியாக மாற்றிக்கொண்டே வந்து முழுப் பரப்பும் மாறிவிட்டிருந்தால், அந்த வரிசையில் முதல் பகுதி மாற்றப்பட்ட தேதி எடுத்துக்கொள்ளப்படும். எடுத்துக்காட்டாக, 2004-இல் கட்டிய வீட்டில் முன்சரிவை 2012-லும் மீதியை 2019-லும் மாற்றியிருந்தால் கூரையின் பிறப்பு ஆண்டு 2012. பின்சரிவை மட்டும் 2019-இல் மாற்றிவிட்டு முன்சரிவைத் தொடாமல் விட்டிருந்தால் அது 2004. ‘2019-இல் கூரை போட்டோம்’ என்று இரண்டு வீட்டாரும் சொல்லக்கூடும், ஆனால் இருவர் சொல்வதும் தவறு.

படி 2: வயதுக்கு முதன்மைச் சான்றாகப் பெர்மிட்டைக் கண்டெடுத்தல்

ஃப்ளோரிடாவில் கூரையை மாற்ற உள்ளூர்க் கட்டடத் துறையின் பெர்மிட் தேவை. வீடு மாநகர எல்லைக்குள் இருந்தால் அந்த மாநகரத்திடமும், வெளியே இருந்தால் கவுண்டியிடமும் (மாவட்டம் போன்ற நிர்வாகப் பிரிவு) பதிவு இருக்கும். அஞ்சல் முகவரியில் டாம்பா என்றோ ஓர்லாண்டோ என்றோ எழுதப்படுவதாலேயே வீடு அந்த மாநகர எல்லைக்குள் இருப்பதாகக் கொள்ள முடியாது. ஹில்ஸ்பரோ, ஆரஞ்சு போன்ற கவுண்டிகளின் நேரடி நிர்வாகத்தில் உள்ள குடியிருப்புகள் பலவற்றின் முகவரியிலும் அதே நகரப் பெயர்தான் இருக்கிறது. கவுண்டியின் சொத்து மதிப்பீட்டாளர் இணையதளத்தில் வீட்டைத் தேடினால் எந்த நிர்வாகம் என்பதும் சொத்தின் அடையாள எண்ணும் கிடைக்கும். அந்த எண்ணைக் கொண்டு பெர்மிட் தேடல் பக்கத்தில் தேடுவது, தெருப்பெயரை எழுதித் தேடுவதைவிட நம்பகமானது.

அதே இணையதளத்தில் ‘உண்மையில் கட்டிய ஆண்டு’, ‘பயனுறு கட்டுமான ஆண்டு’ என இரண்டு ஆண்டுகள் காணப்படலாம். இரண்டாவது, வீட்டின் மேம்பாடுகளைக் கருத்தில் கொண்டு வரி மதிப்பீட்டுக்காகத் தரப்படும் ஆண்டு. அதைக் கூரையின் ஆண்டாக எடுத்துக்கொண்டு விண்ணப்பத்தில் எழுதுவது அடிக்கடி நடக்கும் பிழை.

பெர்மிட் கிடைத்ததும் அதில் மூன்று தேதிகளைத் தனித்தனியே குறித்துக்கொள்ள வேண்டும்: விண்ணப்பித்த தேதி, வழங்கப்பட்ட தேதி, இறுதி ஆய்வில் தேர்ச்சி பெற்று மூடப்பட்ட தேதி. கூரை எப்போது முடிந்தது என்பதற்கு மூன்றாவது தேதியே வலுவான சான்று. ஆனால் பின்னால் பேசப்போகும் காற்றுத் தடுப்பு ஆய்வுப் படிவம் கேட்பது முதல் தேதியை. ஃப்ளோரிடா கட்டட விதித்தொகுப்பு 2002 மார்ச் 1 அன்று நடைமுறைக்கு வந்ததால், அன்றோ அதற்குப் பிறகோ விண்ணப்பித்த பெர்மிட்டின் கீழ் போடப்பட்ட கூரை, படிவத்தில் மேலான வகையில் சேர்க்கப்படுகிறது. மயாமி-டேட், புரோவர்ட் ஆகிய இரு கவுண்டிகளும் உயர்வேகச் சூறாவளி மண்டலம் என்பதால் அங்கே 1994 செப்டம்பர் 1-உம் முக்கியமான தேதி. 1992 ஆகஸ்டில் தாக்கிய ஆண்ட்ரூ சூறாவளிக்குப் பின் இறுக்கப்பட்ட தென் ஃப்ளோரிடா விதிகள் அங்கே அமலுக்கு வந்த நாள் அது.

பெர்மிட் திறந்தபடியே கிடக்கும் வீடுகள் ஏராளம். ஒப்பந்தக்காரர் வேலையை முடித்துப் பணத்தைப் பெற்றுக்கொண்டு, இறுதி ஆய்வுக்கு அழைக்காமலே போயிருப்பார். சில மாதங்களில் பெர்மிட் காலாவதியாகி நிற்கும். கூரை போடப்பட்டது உண்மைதான் என்றாலும், விதிப்படி போடப்பட்டது என்பதற்கு அரசு முத்திரை இல்லாமல் போகிறது. கட்டடத் துறையை அணுகி, அந்த பெர்மிட்டை மீண்டும் திறந்து ஆய்வு செய்து மூடுவதற்கு என்ன தேவை என்று கேட்டு, காப்பீட்டுப் புதுப்பிப்புக்குப் பல மாதங்கள் முன்பே முடித்துவிட வேண்டும். வீடு வாங்கும் நிலையில் இருப்பவர்கள், ஒப்பந்தம் முடியும் முன்பே திறந்த பெர்மிட்டுகளைத் தேடிப் பார்த்து, மூடும் பொறுப்பை விற்பவரிடமே விடலாம்.

பெர்மிட் ஆவணத்தோடு சேர்த்து வைக்க வேண்டியவை: கூரை ஒப்பந்தம், இறுதி ரசீது, பணம் செலுத்தியதற்கான வங்கிப் பதிவு, பற்றுரிமை விடுவிப்புக் கடிதம் (வேலைக்கான பாக்கி ஏதும் இல்லை, வீட்டின்மீது உரிமை கோரமாட்டேன் என்று ஒப்பந்தக்காரர் தருவது), தயாரிப்பாளரின் உத்தரவாதப் பதிவு, போட்ட பொருளின் ஃப்ளோரிடா ஒப்புதல் எண் அல்லது மயாமி-டேட் ஏற்பு எண். கவுண்டி எழுத்தர் அலுவலகத்தில் பதிவான வேலைத் தொடக்க அறிவிப்பும் இருந்தால் ஒப்பந்தக்காரரின் பெயரும் தேதியும் இன்னொரு பொதுப் பதிவேட்டிலிருந்து உறுதிப்படும்.

படி 3: பெர்மிட் கிடைக்காதபோது

பழைய பதிவுகள் சில இடங்களில் இணையத்தில் ஏற்றப்படவில்லை. எனவே இணையத் தேடலில் வரவில்லை என்பதால் பெர்மிட்டே இல்லை என்று முடிவுகட்டாமல், பொதுப் பதிவுகள் கோரிக்கை ஒன்றைக் கட்டடத் துறைக்கு அனுப்ப வேண்டும். அதுவும் பலிக்காவிட்டால் துணைச் சான்றுகளைத் திரட்டலாம். கூகுள் எர்த் ப்ரோ இலவசமாகத் தரும் பழைய வான்படங்களில் கூரையின் நிறம் எந்த இரு படங்களுக்கு இடையில் மாறியிருக்கிறது என்று பார்த்தால், மாற்றம் நடந்த காலம் ஓரளவு குறுகும். அந்த இரு படங்களையும் தேதி தெரியும்படி சேமித்து வைக்க வேண்டும். வீடு வாங்கியபோது செய்த ஆய்வறிக்கை, முன்னாள் உரிமையாளரின் ரசீது, காப்பீட்டுக் கோரிக்கைத் தகவல்களைத் தொகுத்து வைக்கும் லெக்ஸிஸ்நெக்ஸிஸ் நிறுவனத்திடம் ஆண்டுக்கு ஒருமுறை கட்டணமின்றிப் பெறக்கூடிய வீட்டின் இழப்பீட்டுக் கோரிக்கை வரலாறு ஆகியவையும் உதவும். ‘புதிய கூரை’ என்று விற்பனை விளம்பரத்தில் இருந்த வரியை மட்டும் சான்றாக நம்பவேண்டாம்.

படி 4: நிலையைப் படம்பிடித்தல்

கூரைமேல் ஏறவேண்டிய தேவை இல்லை, ஏறவும் கூடாது. கான்கிரீட் ஓடுகள் மிதித்தால் உடையும், வெயிலில் காய்ந்த ஷிங்கிள்களில் கால் வழுக்கும். தெருவிலிருந்தும் நான்கு மூலைகளிலிருந்தும் ஜூம் செய்து எடுக்கும் படங்களும், நீண்ட கம்பில் கைப்பேசியைப் பொருத்தி இறவாண மட்டத்துக்குச் சற்று மேலே உயர்த்தி எடுக்கும் படங்களும் போதும். டிரோன் உள்ளவர்கள் பயன்படுத்தலாம், ஆனால் விமான நிலையங்களுக்கு அருகில் வசிப்போர் வான்வெளி அனுமதியை முதலில் பார்க்க வேண்டும்.

முதல் படத்தில் வீட்டு எண் தெளிவாகத் தெரியட்டும். பிறகு ஒவ்வொரு சரிவையும் திசைப் பெயரால் வரிசைப்படுத்தி, முழுச் சரிவும் அடங்கும் தொலைவுப் படம், நடுத்தொலைவுப் படம், அண்மைப் படம் என்று எடுக்கவும். அண்மைப் படங்களுக்கு உரிய இடங்கள் இவை: முகடு, இரண்டு சரிவுகள் உள்நோக்கிச் சந்திக்கும் கூடல்வாய், சுவரோடு கூரை சேரும் இடத்தில் நீர் புகாமல் தடுக்கும் ஃபிளாஷிங் தகடு, கழிவுக் குழாய்கள் வெளியே வரும் இடத்தைச் சுற்றியுள்ள ரப்பர் உறை, காற்றுப்போக்கிகள், இறவாண விளிம்பு. அந்த ரப்பர் உறை வெயிலில் வெடித்துவிடும் பொருள். ஷிங்கிள்கள் நன்றாக இருக்கும்போதே ஒழுக்கைத் தொடங்கி வைப்பது பெரும்பாலும் அதுதான். மாற்றுவதற்கு ஆகும் செலவோ மிகக் குறைவு என்பதால், படம் எடுப்பதற்கு முன் அதைச் சரிசெய்துவிட்டு, சரிசெய்த ரசீதையும் சேர்த்து வைப்பது அறிவுடைமை.

பின்புறத் தாழ்வாரத்தின் மேல் தட்டையான கூரை கொண்ட வீடுகளில், அந்தப் பகுதியைத் தனிக் கூரையாகவே கருத வேண்டும். அதன் பொருள் வேறு, ஆயுள் குறைவு, பெர்மிட்டும் சில சமயம் வேறு. மழை நின்று இரண்டு நாள் கழித்தும் அதில் நீர் தேங்கி நிற்கிறதா என்பதைப் படத்தில் காட்ட வேண்டும். முதன்மைக் கூரையை மாற்றியபோது இதை மாற்றாமல் விட்டிருந்தால், படி 1-இல் சொன்ன கணக்கில் இந்தச் சிறு பகுதியே முழு வீட்டுக்கும் இடைஞ்சலாகிவிடக்கூடும்.

அட்டிக்குக்குள் (கூரைக்கும் மேற்தளத்துக்கும் இடையிலுள்ள வெற்றிடம்) எடுக்கும் படங்களைப் பலர் விட்டுவிடுகிறார்கள், ஆனால் ஒழுக்கின் வரலாறு அங்கேதான் எழுதப்பட்டிருக்கிறது. ஷிங்கிள்களைத் தாங்கும் பலகைத்தளத்தின் அடிப்பகுதியில் கறை உள்ளதா, ஆணி முனைகள் துருப்பிடித்துள்ளனவா, குழாயைச் சுற்றி வெளிச்சம் தெரிகிறதா என்பவற்றைக் கைவிளக்கின் ஒளியில் எடுக்கவும். பழைய கறை காய்ந்து கிடந்தால், பெருமழைக்குப் பிறகு அதே இடத்தை மீண்டும் எடுத்து, ஈரம் இல்லை என்பதைக் காட்டினால் பின்னால் எழும் கேள்வியைத் தவிர்க்கலாம்.

கூரையில் கருநிறக் கோடுகள் ஓடுவது ஃப்ளோரிடாவின் ஈரக்காற்றில் இயல்பு. அது ஷிங்கிளில் வளரும் ஒருவகை நுண்ணுயிரின் நிறம். பெரும்பாலும் தோற்றக் குறை மட்டுமே. ஆயினும் நிறுவனங்கள் இன்று வான்படங்களைக் கொண்டும் கூரைகளைத் தரம் பிரிக்கின்றன, மேலிருந்து பார்க்கையில் கறுத்த கூரை பழைய கூரையாகத் தோன்றுகிறது. மென்மையான கரைசல் தெளித்துச் சுத்தம் செய்வது நல்லது. அதிக அழுத்தத்தில் நீரைப் பீய்ச்சினால் ஷிங்கிளின் மேல்மணிகள் உதிர்ந்து, இல்லாத சேதத்தை நாமே உண்டாக்கியதாகிவிடும். கூரைமேல் சாயும் கிளைகளையும், வேலை முடிந்தும் அகற்றாத நீலத் தார்பாயையும் அகற்றிவிட வேண்டும்.

படங்களின் மூலக் கோப்புகளை மேகச் சேமிப்பில் அப்படியே வைத்திருக்க வேண்டும். வாட்ஸப் வழியே படமாக அனுப்பும்போது எடுத்த தேதி, இடம் முதலிய உட்தகவல்கள் நீங்கிவிடுகின்றன. குடும்பக் குழுவில் பகிர்ந்த நகல் சான்றாக நிற்காது. ஆண்டுதோறும் மே மாதத்தில், அதே இடங்களில் நின்று அதே வரிசையில் எடுத்தால், சூறாவளிப் பருவத்துக்கு முந்தைய நிலைக்குத் தொடர்ச்சியான பதிவு உருவாகும்.

படி 5: சரியான ஆய்வைச் சரியான ஆளிடம் செய்துகொள்ளுதல்

மூன்று வகை ஆய்வுகள் ஒன்றோடொன்று குழப்பப்படுகின்றன. நான்கு அம்ச ஆய்வு என்பது கூரை, மின்சாரம், குழாய்ப்பணி, குளிரூட்டல் ஆகியவற்றின் நிலையைச் சொல்வது. பழைய வீடுகளுக்கு நிறுவனங்கள் இதைக் கேட்கின்றன. கூரை ஆயுள் ஆய்வு கூரையை மட்டும் பார்த்து, எஞ்சிய ஆயுளை ஆண்டுகளில் சொல்வது. காற்றுத் தடுப்பு ஆய்வு, மாநிலக் காப்பீட்டு ஒழுங்குமுறை அலுவலகத்தின் 1802 என்ற எண்ணுடைய ஒரே மாதிரிப் படிவத்தில் நிரப்பப்படுவது. மூடுபொருள், பலகைத்தளம் எப்படி ஆணியடிக்கப்பட்டுள்ளது, கூரை சுவரோடு எப்படிப் பிணைக்கப்பட்டுள்ளது, நாற்புறமும் சரியும் வடிவமா, இரண்டாம் நீர்த்தடுப்பு (மூடுபொருள் பிய்ந்தாலும் நீரை நிறுத்தும் அடியடுக்கு) உண்டா, கதவு சன்னல்களுக்குப் பாதுகாப்பு உண்டா என்று அது கேட்கிறது. முதலிரண்டும் பாலிசி கிடைக்க உதவுபவை. மூன்றாவது பிரீமியத்தில் காற்றுக்குரிய பகுதியைக் குறைப்பது. 1802 படிவம், வீட்டில் பெரிய மாற்றம் ஏதும் இல்லாவிட்டால் 5 ஆண்டு வரை செல்லும். கூரையை மாற்றினால் புதிதாக எடுப்பதே இலாபம்.

ஆய்வுக்கு ஆள் அமர்த்துமுன், நிறுவனம் எந்தப் படிவத்தை ஏற்கிறது, யாரை ஆய்வாளராக ஒப்புக்கொள்கிறது என்று எழுத்தில் கேட்டுப் பெறுவது அவசியம். உரிமம் பெற்ற வீட்டு ஆய்வாளர், கட்டட விதி ஆய்வாளர், பொது அல்லது குடியிருப்பு ஒப்பந்தக்காரர், பொறியாளர், கட்டடக் கலைஞர் ஆகியோரைச் சட்டம் குறிப்பிடுகிறது. உரிமம் நடப்பில் உள்ளதா என்பதை மாநிலத்தின் தொழில் உரிமத் துறை இணையதளத்தில் பார்த்துவிடலாம். கூரை போட்டு விற்பவரே இலவசமாக ஆய்வு செய்ய முன்வந்தால், அவருக்கு எந்த முடிவு இலாபம் என்பதை யோசித்தே அழைக்க வேண்டும்.

அறிக்கை கைக்கு வந்ததும் வரிக்கு வரி படிக்கவும். ‘கூரை நல்ல நிலையில் உள்ளது’ என்ற வாக்கியம் போதாது. எஞ்சிய ஆயுள் எத்தனை ஆண்டு என்பது எண்ணாக இருக்க வேண்டும். ஒவ்வொரு சரிவுக்கும் படம், பெர்மிட் எண், பொருளின் வகை, ஆய்வு நடந்த தேதி, உரிம எண், கையொப்பம் ஆகியவற்றில் ஒன்று விடுபட்டாலும் திருத்தித் தரும்படி கேட்கலாம். உள்ளதை விட்டு இல்லாததை எழுதச் சொல்லக் கூடாது; தள்ளுபடிக்காகத் தெரிந்தே பொய்யான காற்றுத் தடுப்புப் படிவத்தைத் தருவது ஃப்ளோரிடாவில் குற்றம்.

படி 6: கோப்பாக்கி அனுப்புதல்

ஒரே பிடிஎஃப் கோப்பில், முதல் பக்கத்தில் முகவரி, சொத்து அடையாள எண், கூரையின் பொருள், பெர்மிட் எண், அதன் மூன்று தேதிகள் ஆகியவற்றை எழுதி, பின்னால் ஆவணங்களையும் படங்களையும் வரிசையாக இணைக்கவும். விண்ணப்பத்தில் எழுதும் ஆண்டு இந்த முதல் பக்கத்தோடு ஒத்துப்போக வேண்டும்; முகவர் தொலைபேசியில் கேட்டுத் தாமே நிரப்பியிருந்தாலும், கையெழுத்து நம்முடையது என்பதால் பிழையின் விளைவும் நம்மையே சேரும். முக்கியமான விவரத்தில் தவறான தகவல் இருந்தால், பின்னாளில் இழப்பீட்டை மறுக்க ஃப்ளோரிடா சட்டம் நிறுவனத்துக்கு இடம் தருகிறது.

பாலிசி வந்தவுடன், கூரைக்கான இழப்பீடு மாற்றுச் செலவின் (புதிதாகப் போட ஆகும் முழுச் செலவு) அடிப்படையிலா, தேய்மானம் கழித்த நடப்பு மதிப்பின் அடிப்படையிலா என்று பார்க்கவும். மாற்ற 30,000 டாலர் ஆகும் கூரைக்கு 20 ஆண்டு ஆயுள் என்று நிறுவனம் கொண்டு, கூரைக்கு 15 வயதாகியிருந்தால், நேர்கோட்டுத் தேய்மானத்தில் மதிப்பு 7,500 டாலராகச் சுருங்கும். டிடக்டபிள், அதாவது சேதத்தில் வீட்டுக்காரரே ஏற்க வேண்டிய தொகை, அதிலிருந்தும் கழியும். கூரைக்கென்று தனி டிடக்டபிள் இருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். 2022 திருத்தம் அனுமதிக்கும் உச்சம், வீட்டுக் காப்புத் தொகையில் 2 சதவீதம் அல்லது கூரை மாற்றுச் செலவில் 50 சதவீதம், இவற்றில் எது குறைவோ அது. சூறாவளிச் சேதத்துக்கு இந்தத் தனி டிடக்டபிள் பொருந்தாது.

படி 7: மறுப்பு வந்தாலும் புயல் வந்தாலும்

புதுப்பிக்க மாட்டோம் என்ற அறிவிப்பு வந்தால், காரணம் வயதா நிலையா என்று எழுத்தில் கேட்கவும். வயது என்றால் பெர்மிட்டையும், 15 ஆண்டைக் கடந்திருந்தால் ஆயுள் ஆய்வையும் அனுப்பி மறுபரிசீலனை கோரலாம். நிலை என்றால், எந்தப் படத்தை வைத்து முடிவு செய்தார்கள், அது எந்தத் தேதியில் எடுத்தது என்று கேட்டு, நம் படங்களையும் பழுதுபார்த்த ரசீதுகளையும் அனுப்ப வேண்டும். பதில் இல்லையென்றால் மாநில நிதிச் சேவைகள் துறையின் நுகர்வோர் பிரிவில் புகார் செய்யலாம். இவை நடந்துகொண்டிருக்கும்போதே வேறு நிறுவனங்களின் மதிப்பீட்டையும் கேட்டுக்கொண்டிருப்பது புத்திசாலித்தனம், ஏனெனில் வீட்டுக் கடன் உள்ளவர்களின் பாலிசி ஒரு நாள் அறுந்தாலும் வங்கி தன் விருப்பப்படி விலை மிகுந்த காப்பீட்டை வாங்கி நம் கணக்கில் சேர்த்துவிடும்.

புயல் கடந்ததும், மே மாதப் படங்களை எடுத்த அதே இடங்களிலிருந்து அதே வரிசையில் மீண்டும் எடுக்கவும். சேதம் நேர்ந்த நாளிலிருந்து 1 ஆண்டுக்குள் கோரிக்கையைத் தெரிவிக்க வேண்டும். கூடுதல் கோரிக்கைக்கு 18 மாதம். மேலும் கெடாமல் தடுக்கத் தார்பாய் விரிப்பது நம் பொறுப்பு, ஆனால் விரிப்பதற்கு முன் படம் எடுத்துவிட வேண்டும். வாசலில் வந்து நின்று, டிடக்டபிள் கட்ட வேண்டாம், கூரை இலவசம் என்று சொல்பவரிடம் எதிலும் கையெழுத்திடக் கூடாது. பிய்ந்து விழுந்த ஷிங்கிள், ஓட்டுத் துண்டுகளை, நிறுவனத்தின் மதிப்பீட்டாளர் வந்து பார்க்கும் வரை குப்பையில் போடாமல் ஓரமாக எடுத்துவைக்கவும்.